ஒரு றாத்தல் கஜு

வெள்ளவத்தை
6 ஒக்டோபர் 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டு அதை வெட்டலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், பழக்கத்தில் வந்த சொல். அண்ணன் இறந்த முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு நீங்கள் என்னை அந்த வீட்டு வாசலுக்கு வரவேண்டாம் என்று சொல்லி ஒன்றரை வருஷமாகிறது. என் குரல் கேட்டதும் தொலைபேசியை வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். ரொனி துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிற வழியில் கொண்டுவந்து தருவான். அவன் என் மகன் என்பதற்காக அவனை வெளியே நிற்கவைக்க வேண்டாம்.

சாமினிக்குக் கலியாணம் பொருந்தியிருக்கிறது. ஜனவரி பதினோராம் திகதி, கொட்டாஞ்சேனையில், அவள் ஞானஸ்நானம் பெற்ற அதே ஆலயத்தில். மாப்பிள்ளை பகுதி மட்டக்களப்பு. முப்பத்துநாலு வயதில் என் மகளுக்கு ஒரு நல்லது நடக்கிறது. நீங்கள் ஞானத்தாய், இந்தச் செய்தி உங்களுக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்கு நான் சாட்டுச் சொல்லப்போவதில்லை.

இப்போது விஷயம். கடையில் வாங்குகிற கலியாணக் கேக் சாமினிக்கு வேண்டாமாம். டிசம்பரில் நத்தாருக்கு அந்த வீட்டில் செய்கிற கேக்தான் வேண்டுமாம். நாற்பது வருஷம் நாமிருவரும் சேர்ந்து செய்தது. ஆனால் நிறுப்பது எப்போதும் நீங்கள், நறுக்குவது நான். ரவை, பட்டர், முட்டைக் கணக்கெல்லாம் எனக்குப் பாடம். கஜு ஒரு றாத்தல் என்பதும் தெரியும். ஆனால் இந்த பிளாட்டில் தராசு இல்லை. ரொனியின் சிநேகிதன் மர்ஸூக் புத்தளத்திலிருந்து ஒரு சாக்குக் கஜு அனுப்பியிருக்கிறான். முழு முந்திரியும் உடைசலும் கலந்தது. சாமினியிடம் அளவுக் கப்புகள் இருக்கின்றன. ஒரு றாத்தல் கஜு என்றால் எத்தனை கப்?

அதை மட்டும் எழுதி அனுப்புங்கோ.

யூஜினா


யேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
12 ஒக்டோபர் 2024

யூஜினாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ரொனியை நான் வெளியே நிற்கவைக்கவில்லை. உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தேன். தன் மாமாவின் கதிரையில் இருக்கப் போனான். அதில் மட்டும் வேண்டாம் என்றேன்.

ஒரு றாத்தல் எத்தனை கப் என்று கேட்கிறாய். அரிசி என்றால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். கஜு வளைந்த பருப்பு. ஒன்றின் வளைவில் இன்னொன்று ஒழுங்காகப் படுக்காது. முழுப் பருப்பைக் கப்பில் நிரப்பினால் நீ அளப்பதில் பாதி காற்று. நறுக்கினால் அது வேறு கணக்கு. மெஷினில் அரைத்தால் பஞ்சு போல் எழும்பும், அது இன்னொரு கணக்கு. கொன்வென்றில் எங்களுக்குச் சமையல் படிப்பித்த சிஸ்டர் கொன்சிலியா, கஜுவுக்கும் மாவுக்கும் கப்பை எடுத்த பிள்ளையை வகுப்பு முடியும்வரை நிற்கவைப்பார். நிறை ஒருவருடைய முகத்தைப் பார்த்துக் கூடிக் குறையாது. கப் அப்படியல்ல, பிடிக்கிற கைக்குத் தக்கபடி பேசும்.

இருந்தும் கேட்டுவிட்டாய். நாலு நாலு அவுன்ஸாக நிறுத்து, மூன்று விதமாகவும் கப்பில் போட்டுப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். சாமினியின் கப் இருநூற்றைம்பது மில்லிலீற்றர் பிடிப்பதா என்று அடியில் பார். அமெரிக்கக் கப் என்றால் கொஞ்சம் சிறியது, அது உதவாது. இருநூற்றைம்பதுதான் என்றால், ஒரு றாத்தலுக்கு முழுக் கஜு மூன்றேகால் கப். கத்தியால் நறுக்கியது மூன்றேமுக்கால். அரைத்தது நாலரை. முழுசும் உடைசலும் கலந்ததை அப்படியே அளக்க முடியாது. எல்லாவற்றையும் நறுக்கிவிட்டு அள. கப்பைக் குலுக்காதே, கையால் அமத்தாதே, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிடு.

ஒன்று விளங்கவில்லை. காலி வீதி நெடுகக் கடைகள். ஒரு பையில் கஜுவை அள்ளிக்கொண்டு போனால் எந்தக் கடைக்காரனும் நிறுத்துத் தருவான். என்னிடம் ஏன் கேட்டாய்?

முப்பத்தோராம் நாள் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. சுவாமியார் இருக்க, அயலவர்கள் இருக்க, கையில் கோப்பித் தட்டத்தை வைத்துக்கொண்டு, "மச்சாளின்ர கணக்குக்குள்ள அண்ணனுக்கு மூச்சு விட ஏலாமப் போச்சு" என்றாய். நான் நாற்பத்தாறு வருஷம் அவரோடு வாழ்ந்தவள். நத்தார்க் கேக் போடுகிற பின்னேரங்களை நீயும் பார்த்திருக்கிறாய். நான் யன்னல் பக்கம் திரும்பி நின்று பட்டரும் சீனியும் அடிப்பேன். பின்னால் மேசையில் நீ நறுக்குவாய். அவர் உன் பக்கத்தில் இருந்து பேப்பரில் மரண அறிவித்தல்களைச் சத்தமாக வாசிப்பார். மற்ற நாட்களில் அவர் பேப்பரை வாய்க்குள்தான் வாசிப்பது. அன்றைக்கு மட்டும் எனக்குக் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்துவார். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் சற்று நிறுத்துவார், இறந்தவருக்காக ஒரு செபம். மூச்சு விட முடியாத மனிதன் அப்படி வாசிப்பானா என்று நீயே சொல்.

உன் கடிதத்தை இரண்டாம் தரமும் வாசித்தேன். கலியாணம் எங்கே, எப்போது என்று இருக்கிறது. வா என்ற சொல் இல்லை. கேக் வேண்டும், நான் வேண்டாம். நல்லது.

பேர்ணடெற் வலன்ரைன்


வெள்ளவத்தை
20 ஒக்டோபர் 2024

மச்சாளுக்கு,

கப்பின் அடியில் இருநூற்றைம்பது என்றுதான் இருக்கிறது. எல்லாக் கஜுவையும் நானே நறுக்கினேன். மூன்றேமுக்கால் கப், குலுக்காமல், அமத்தாமல், கத்தி முதுகால் வழித்து. பக்கத்தில் சாமினி உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாக வாசித்துக் காட்டினாள். மாதிரிக்கு ஒரு கேக் போட்டோம்.

மணம் அதேதான். மேலும் அழகாகச் சிவந்திருந்தது. நீங்கள் சொல்லுகிற மாதிரி மூன்று நாள் துணியால் மூடி வைத்துவிட்டு வெட்டினோம். கத்தி இறங்கியதும் புட்டு மாதிரி உதிர்ந்தது. கலியாணக் கேக் விரல் நீளத்துக்கு வெட்டி, கடதாசியில் சுற்றி, பெட்டியில் போட வேண்டியது என்பது உங்களுக்குத் தெரியும். முந்நூறு பேர் வருகிறார்கள். ஒரு துண்டுகூட நிற்கவில்லை. ரொனி வந்து பார்த்துவிட்டு, "அம்மா, வாறவைக்குப் பெட்டியோட ஒரு கரண்டியும் குடுப்பமோ?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாமினி மேசையைத் துடைத்தாள். பிறகு கேட்டாள், "மாமி வேணுமெண்டே பிழையா எழுதியிருப்பாவோ?"

இல்லை என்றேன். மாமி என்ன செய்தாலும் அளவில் பொய் சொல்லமாட்டா என்றேன். சொல்லிவிட்டுப் படுத்தபிறகு எனக்கே நிச்சயமில்லாமல் போய்விட்டது. இப்போதும் நிச்சயமில்லை.

ஏன் உங்களிடம் கேட்டேன் என்று கேட்டிருந்தீர்கள். காலி வீதியில் கடை இருப்பது எனக்குத் தெரியாதா? அதுவும் விளங்காத ஆளுக்கு நான் வேறு எதை எழுதி விளங்கப்படுத்துவது.

யூஜினா


கொட்டாஞ்சேனை
23 ஒக்டோபர் 2024

யூஜினாவுக்கு,

என்னைப் பெருமைக்காரி என்று சொல்லலாம். உன் மகனுக்கும் மகளுக்கும் முன்னால் கடுமையானவள் என்று சொல்லலாம். பொய் அளவு கொடுத்தவள் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. நான் ஞானஸ்நானத் தொட்டியில் கையில் ஏந்திய பிள்ளை அதைச் சொல்லியிருக்கிறாள். நீ அதைத் தாளில் எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறாய்.

பிழை அளவில் இல்லை. அந்த பிளாட் கடலுக்கு முன்னால். உப்புக் காற்றில் ரவை ஈரம் பிடித்திருக்கும், நீ அதை வறுத்திருக்கமாட்டாய். அல்லது முட்டை சிறியது. அல்லது உன் போறணையில் சூடு அதிகம். நீ எப்போதும் கை வந்தபடி செய்கிறவள். இந்த வீட்டில் நான் பக்கத்தில் நின்றபடியால் உன் கேக் கேக்காக வந்தது.

நானே ஒன்று செய்கிறேன். அதே ஒரு றாத்தல். ரொனியை அனுப்பு, கொடுத்துவிடுகிறேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க வெட்டுங்கள். துண்டு நின்றால் சாமினி என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எழுத்தில்.

பேர்ணடெற் வலன்ரைன்


யேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
2 நவம்பர் 2024, மரித்தோர் நாள்

யூஜினாவுக்கு,

ரொனியைக் கேக் இல்லாமல் திருப்பி அனுப்பினேன். அவன் உன்னிடம் என்ன சொன்னானோ தெரியாது. கொடுக்கக்கூடியதாக இருக்கவில்லை.

என் கேக்கும் உதிர்ந்தது. ரவையை வறுத்தேன். முட்டையை ஒவ்வொன்றாக நிறுத்தேன். நாற்பது வருஷம் பழகிய போறணை. கடற்காற்று இந்த வீட்டுக்கு வராது. உன் கேக் உதிர்ந்த அதே மாதிரி உதிர்ந்தது.

தராசில் சந்தேகம் வந்தது. நிறுக்கிற இரும்புப் படிகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸீரின் பலசரக்குக் கடைக்கு முச்சக்கர வண்டியில் போனேன். அவர் தன் மின்தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, "மிஸிஸ், உங்கட படி என்ட தராச விடச் சரி" என்றார். அதைக் கேட்டுத் திரும்பி வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கவில்லை. தராசு சரியென்றால் வேறெது பிழை?

இரண்டாவது கேக்கில் கஜுவை இரண்டு அவுன்ஸ் குறைத்தேன். பாதி நின்றது, பாதி விழுந்தது. மூன்றாவதில் நாலு அவுன்ஸ் குறைத்தேன். வெட்டினேன். விளிம்பு கோடு போட்ட மாதிரி நின்றது. வாயில் வைத்தேன். அதுதான், யூஜினா. எல்லா வருஷமும் எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட கேக் அதுதான். ஆலயத்தில் பங்குச் சுவாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் புகழ்ந்த கேக் அதுதான்.

அப்படியானால் நான் ஒரு றாத்தல், பதினாறு அவுன்ஸ், நிறுத்துக் கொடுத்தேன், கேக்கில் விழுந்தது பன்னிரண்டு. ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல, எல்லா வருஷமும். இந்த முறை நறுக்கியதும் நான்தான். நறுக்கியதை மறுபடியும் தட்டில் போட்டுப் பார்த்தேன். முள் அசையவில்லை. கத்தி எதையும் தின்பதில்லை. என் தராசுக்கும் கேக்குக்கும் நடுவில் இருந்தது உன் பலகை ஒன்றுதான்.

அந்த நாலு அவுன்ஸ் எங்கே போனது? மேல்மாடியில் உன் பிள்ளைகளுக்குக் கொண்டுபோனாயா? உன் புருஷன் போனபிறகு உன்னையும் அந்த இரண்டு பிள்ளைகளையும் எங்கள் வீட்டில் வைத்திருந்தோம். அவர்களுக்கு வேண்டுமென்றால் கேட்டிருக்கலாம். என் முதுகுக்குப் பின்னால் கள்ளி மாதிரி எடுத்திருக்க வேண்டியதில்லை.

இன்று காலை சேமக்காலைக்குப் போய் அவருடைய கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தேன். உங்கள் தங்கச்சி செய்த வேலையைப் பாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் உயிரோடு இருந்தால் உன்னைக் கேட்டிருப்பார்.

பதில் எழுது.

பேர்ணடெற் வலன்ரைன்


வெள்ளவத்தை
9 நவம்பர் 2024

மச்சாளுக்கு,

அண்ணனிடம் சொன்னீர்களா? மண்ணுக்குள் கிடந்து சிரித்திருப்பார்.

தின்றது அண்ணன்.

இதை உங்களுக்குச் சொல்லவேண்டி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. என்னைக் கள்ளி என்று எழுதியிருக்காவிட்டால் சொல்லியிருக்கவும் மாட்டேன். நீங்கள் யன்னல் பக்கம் திரும்பியதும் அவர் கை பலகைக்கு வரும். நான் கத்தியைக் கொஞ்சம் சத்தமாகத் தட்டுவேன். ஒரு அறிவித்தலை வாசிப்பார், ஒரு பிடியை வாயில் போடுவார். பெயருக்குப் பெயர் நடுவில் நிறுத்துவாரே, செபம் என்று எழுதியிருந்தீர்களே, மச்சாள், மென்றுகொண்டிருந்தார். குரலை உயர்த்தினது நீங்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று. வாசிக்கிற மனிதனை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? போகும்போது சேர்ட் பொக்கெற்றிலும் கொஞ்சம் போட்டுக்கொண்டு போவார். நானும் தின்றிருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. கேக்குக்கு அதனால் ஏதும் ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நான் உங்களிடம் கப் கணக்குக் கேட்டு எழுதியிருப்பேனா?

கேட்டு வாங்கியிருக்கலாமே என்பீர்கள். ஒருமுறை கேட்டவர். உங்களுக்குக் கலியாணமாகி வந்த முதல் நத்தாருக்கு. நான் அப்போது குசினி வாசலில் நின்றேன். "பேர்ணி, ரெண்டு கஜு தாருமன்" என்றார். நீங்கள் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "நத்தாருக்கு வாங்கினது நத்தாருக்கு" என்றீர்கள். திறப்பை இடுப்பில் செருகினீர்கள். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் உங்களிடம் வாய்திறந்து ஏதாவது கேட்டிருக்கிறாரா? கஜு மட்டுமல்ல, வேறு ஏதாவது? யோசித்துப் பாருங்கோ. முப்பத்தோராம் நாள் நான் சொன்னதற்கு அதுதான் அர்த்தம். சொன்ன இடம் பிழை. சொன்னது பிழையில்லை.

ஒவ்வொரு நத்தாருக்கும் முதல் துண்டை வெட்டிவிட்டு, இது தராசின் நேர்மை என்று எல்லோருக்கும் சொல்லுவீர்கள். அண்ணன் எனக்குக் கண்ணடிப்பார். அவ்வளவுதான் எங்கள் களவு.

சாமினி இப்போது என் தலைக்குமேல் நின்றுகொண்டு, மாமியை வரச்சொல்லி எழுதுங்கோ என்கிறாள். பிழையாக எழுதியிருப்பாவோ என்று கேட்டதற்குத் தான் வந்து காலில் விழுகிறேன் என்கிறாள். நீங்கள் தேடின சொல்லை எழுதுகிறேன்: வாங்கோ. மாதக் கடைசியில் கேக் போடுகிறோம். நான் நறுக்குகிறேன், நீங்கள் பட்டர் அடியுங்கோ. யன்னலும் இருக்கிறது, கடல் தெரியும்.

ஆனால் தராசைக் கொண்டுவர வேண்டாம்.

யூஜினா


கொட்டாஞ்சேனை
17 நவம்பர் 2024

யூஜினாவுக்கு,

உன்னைக் கள்ளி என்று எழுதியது பிழை. அதை எடுத்துவிடுகிறேன்.

அவர் என்னிடம் இரண்டு கஜு கேட்டதாக எழுதியிருக்கிறாய். ஒரு கிழமையாக யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவில்லை. நான் எதையும் மறக்காதவள் என்று உனக்குத் தெரியும். உன் கலியாணத்துக்கு வந்த பரிசுகளில் எது யார் கொடுத்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். அது மட்டும் நினைவில்லை. பிறகு எப்போதாவது ஏதாவது கேட்டாரா என்றும் யோசித்தேன். அதற்கும் உனக்குப் பதில் எழுத முடியவில்லை.

நீ சொல்லாமல் விட்டிருக்கலாம். நான் உன்னைக் கள்ளி என்று நினைத்துக்கொண்டே செத்துப்போயிருப்பேன், அது உனக்குப் பெரிய நட்டமில்லை. அந்த மனிதர் வருஷத்தில் ஒரு பின்னேரம் எனக்காகக் குரல் உயர்த்தி வாசித்தார் என்று நான் வைத்திருந்தேன். கஷ்டப்பட்ட நாட்களில் அதை எடுத்துப் பார்ப்பேன். அதைத் தராசில் வைத்து எனக்குக் காட்டிவிட்டாய்.

இனி அளவு. கஜு பன்னிரண்டு அவுன்ஸ். கத்தியால் நறுக்கினால் சாமினியின் கப்பில் இரண்டேமுக்கால் கப்பும், மட்டமாக வழித்த ஒரு மேசைக்கரண்டியும். இதில் பிழை இல்லை. துண்டு நிற்கும். முந்நூறு பேருக்கு எத்தனை தட்டம் என்பதை ரொனி கணக்குப் போடட்டும். சாமினி காலில் விழ வேண்டியதில்லை. அவள் சந்தேகப்பட்டது சரி, அளவு பிழைதான்.

நான் கேக் போட வரமாட்டேன். தராசு இல்லாமல் வரச்சொல்லுகிறாய். அது இல்லாமல் வந்து உங்கள் குசினியில் எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியாது. யன்னல் பக்கம் திரும்பி நிற்க இனி என்னால் முடியாது. ஆலயத்துக்கு வருவேன், ஞானத்தாய் வரவேண்டிய இடம் அது. மண்டபத்துக்கு வரமாட்டேன். எனக்கென்று ஒரு பெட்டி எடுத்துவைக்க வேண்டாம்.

தராசையும் படிகளையும் ரொனியிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். வீட்டில் வைத்திருங்கள், அல்லது பழைய இரும்புக்காரனுக்குக் கொடுங்கள். அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு றாத்தல் கஜு நிறுத்தேன். பன்னிரண்டு அவுன்ஸ் தனியாகக் கட்டி அதே பையில் இருக்கிறது, உங்கள் முதல் கேக்குக்கு.

மீதி நாலு அவுன்ஸ் இங்கே இருக்கிறது. ஒரு சோசரில் போட்டு, குசினி மேசையில், அவருடைய கதிரைக்கு முன்னால் வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து எறும்பு வருகிறது. நான் அதை அலுமாரிக்குள் வைக்கவில்லை.

பேர்ணடெற்